தெப்பக்குளத்தை அப்பா ஏன் சுற்றுவதில்லை?

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். மதுரையில் அம்மாவோடு இருக்கிறார். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். ரிட்டயர் ஆன நாளிலிருந்து தினமும் காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பார். போன ஆவணியோடு அது நின்றுவிட்டது. கூட நடக்கும் மாமா ஒருவர் அப்போது தவறிப்போனார், அதிலிருந்து கொஞ்சம் டல்லாகத்தான் இருக்கிறார். சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை எடுக்கிறார். வாரத்துக்கு 150 நிமிடம் நடக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது என எத்தனையோ முறை எடுத்துச் சொல்லிவிட்டேன். தீபாவளிக்கு ஸ்மார்ட் வாட்ச், பொங்கலுக்கு டிரெட்மில் வாங்கிக் கொடுத்தோம். வாட்ச் டிராயருக்குள் கிடக்கிறது, டிரெட்மில்லில் துணி காய்கிறது. கேட்டால் "நடந்த வரைக்கும் போதும்மா" என்கிறார். அம்மாவுக்கு 66 வயது, முழங்கால் தேய்மானம். "வீட்டு வேலை பாக்குறதே எனக்கு எக்சர்சைஸ்தான்" என்பார். தினமும் போனில் இதே சண்டை. இவர்களை எப்படி வழிக்குக் கொண்டுவருவது? டிரெட்மில்லையாவது பயன்படுத்த வைக்க முடியுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கண்ணில் பட்டது வாட்ச்சும் டிரெட்மில்லும்தான். இரண்டாவது முறைதான் அந்த வரி பிடிபட்டது. "கூட நடக்கும் மாமா ஒருவர் அப்போது தவறிப்போனார்." போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அப்பா நடையை நிறுத்தியதும் ஆவணி, மாமா போனதும் ஆவணி. உங்கள் கேள்விக்குப் பாதி பதிலை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

இத்தனை வருடமும் அப்பா உடற்பயிற்சி செய்தார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவர் அப்படி நினைத்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். ஐந்தரை மணிக்குத் தெருமுனையில் ஒருவர் வந்து நிற்பார். அவரைக் காக்கவைக்கக் கூடாது, அதனால் அப்பா எழுந்தார். தெப்பக்குளம் ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேலே வரும். குளத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, யாருக்கு அரியர்ஸ் வந்தது, யார் வீட்டில் கல்யாணம் என்று பேசிக்கொண்டே இரண்டு மூன்று சுற்று ஓடிவிடும். கடைசியில் டீக்கடை பெஞ்சு. நடை என்பது இதற்கு நடுவில் தானாக நடந்துகொண்டிருந்த ஒன்று. இப்போது தெருமுனையில் நிற்க ஆளில்லை. நீங்கள் அவரிடம் கேட்பது, அந்த ஆளை விட்டுவிட்டு நடையை மட்டும் தனியாக எடுத்துச் செய்யச் சொல்லி. போதாக்குறைக்கு அதே குளத்தைச் சுற்றி. ஒவ்வொரு படித்துறையிலும் மாமாதான் நிற்பார்.

நான் திருச்சியில் இருபத்திரண்டு வருடமாக பிசியோதெரபி பார்க்கிறேன். என்னிடம் வருவதில் முக்கால்வாசி அறுபதைத் தாண்டியவர்கள். பயிற்சியை விட்டுவிட்ட ஒருவரிடம் "ஏன் விட்டீங்க?" என்று கேட்டால் முதலில் வரும் பதில் எதுவும் காரணமாக இருந்ததில்லை. "முடியல சார்", "நேரமில்ல", "இனிமே என்னத்துக்கு", உங்கள் அப்பாவின் "போதும்மா", எல்லாமே கதவைச் சாத்துகிற வார்த்தைகள்தான். உள்ளே வேறு ஏதாவது இருக்கும். பெரும்பாலும் பிள்ளைகளிடம் சொல்லக் கூச்சமான ஏதோ ஒன்று.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றி. எழுபதை நெருங்கிய தையல்காரர். கை ஓடுகிற மாதிரி காலும் ஓடும். திடீரென்று வெளியே போவதையே நிறுத்திவிட்டார். மகன் என்னிடம் கூட்டிவந்து "சோம்பேறித்தனம் சார், நீங்க நாலு வார்த்தை சொல்லுங்க" என்றான். நானும் சொன்னேன். தலையாட்டினார். அடுத்த வாரமும் நடக்கவில்லை. மூன்றாவது தடவை மகன் போனில் பேச வெளியே போன நேரத்தில், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சார், பாதி வழியில ஒண்ணுக்கு வந்துடுது. அடக்க முடியல. ஒரு நாள் வேட்டியிலேயே..." அதற்கு மேல் பேசவில்லை. ப்ராஸ்டேட் வீக்கம். போதாததற்கு பிரஷருக்காகக் காலையில் ஒரு மாத்திரை, அது சிறுநீரை அதிகம் வெளியேற்றும் வகை. அதைப் போட்டுக்கொண்டு அடுத்த அரை மணியில் நடக்கக் கிளம்பியிருக்கிறார். யூராலஜிஸ்ட் ப்ராஸ்டேட்டுக்கு மருந்து கொடுத்தார், மாத்திரை நேரத்தை டாக்டரே மாற்றிக் கொடுத்தார், நடக்கிற வழியையும் கழிப்பறை இருக்கிற பக்கமாக மாற்றினோம். என் அறிவுரை எதுவும் அவரை நடக்க வைக்கவில்லை. மகன் வெளியே போனதுதான் வைத்தது.

அடுத்தது விழுந்துவிடுவோமோ என்கிற பயம். இதில் ஒரு சிக்கல் உண்டு. விழுந்ததையே சொல்ல மாட்டார்கள். குளியலறையில் வழுக்கி, சுவரைப் பிடித்து எழுந்து, முழங்கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு சும்மா இருந்துவிடுவார்கள். சொன்னால் "இனி தனியா இருக்க வேண்டாம், இங்க வந்துடுங்க" என்று பிள்ளைகள் கிளம்பி வந்துவிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்வார்கள். நடமாட்டம் குறைந்தால் தொடைச் சதை கரையும். தொடை கரைந்தால் தடுமாற்றம் வரும். பயந்தது சரிதான் என்று அந்தத் தடுமாற்றமே நிரூபித்துவிடும். அப்புறம் நாற்காலி, டிவி.

உங்கள் அப்பாவுக்கு இதில் எது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. மாமா போனது முதல் காரணமாக இருக்கலாம், அதன்மேல் வேறொன்று ஏறி உட்கார்ந்திருக்கலாம். அதனால் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். உட்கார்ந்து பிரஷர் பார்த்த பிறகு எழுந்து நிற்க வைத்து, மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 இறங்கினாலோ கீழ் அளவு 10 இறங்கினாலோ, நிற்கும்போது தலை கிறுகிறுக்கும் ஆள் அவர். இதை யாரும் பார்ப்பதில்லை. வரிசையில் ஐம்பது பேர் நிற்கும்போது டாக்டருக்கு எங்கே நேரம்? நீங்கள்தான் கேட்கவேண்டும். சர்க்கரைக்காரர் என்பதால் பாதத்தைப் பாருங்கள். உள்ளங்காலில் மரத்துப்போன உணர்வு, பஞ்சின் மேல் நடப்பது மாதிரி இருக்கிறது என்றால் அது நரம்பு பாதிப்பு. செருப்பு கழன்று போவதுகூடத் தெரியாது. கண்ணில் புரை விழுந்திருந்தால் படியின் விளிம்பு மங்கலாகத்தான் தெரியும். தூக்கம், பசி, பேச்சு எப்படி இருக்கிறது என்று அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். எட்டு மாதமாக ஒருவர் டல்லாக இருக்கிறார் என்றால் அது துக்கத்தைத் தாண்டிய மனச்சோர்வாகவும் இருக்கலாம். வயதானவர்களுக்கு அது பெரும்பாலும் அழுகையாக வெளியே வராது, "போதும்" என்றுதான் வரும். அதற்கு மருந்தும் பேச்சும் உண்டு, குணமாகும்.

அப்புறம் நாய். சிரிக்காதீர்கள். விடியற்காலையில் நடப்பவரை முடக்க ஒரு தெருநாய்க் கூட்டம் போதும். என்னிடம் வருபவர்களில் நடையை விட்டதற்கு நாயைக் காரணம் சொன்னவர்களை எண்ணினால் மூட்டுவலிக்காரர்களுக்குச் சமமாக வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

சரி, இப்போது உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். கொஞ்சம் கோபப்படுவீர்கள்.

ஆல்பர்ட் பண்டூரா என்று ஓர் உளவியலாளர். 'என்னால் இது முடியும்' என்கிற நம்பிக்கை மனிதனுக்கு எங்கிருந்து வருகிறது என்று 1977-இல் எழுதினார். நாலு இடத்திலிருந்து வருகிறது. தானே செய்து பார்த்து முடிந்தது என்கிற அனுபவம் ஒன்று. தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது இரண்டு. மற்றவர் சொல்லிக் கேட்பது மூன்று. தன் உடம்பும் மனசும் அந்த நேரத்தில் எப்படி இருக்கிறது என்பது நாலு. இதில் பலமானது முதலாவது. சொல்லிக் கேட்பது அதோடு ஒப்பிட்டால் வெறும் காற்று. நீங்கள் எட்டு மாதமாக அந்த மூன்றாவதை மட்டுமே வைத்துப் போராடிக்கொண்டிருக்கிறீர்கள், அதுவும் போனில்.

இரண்டாவதை முயன்றுபார்க்கிறேன் என்று வாட்ஸாப்பில் வீடியோ அனுப்பாதீர்கள். ஃபௌஜா சிங் 2011-இல் நூறு வயதில் டொரன்டோ மாரத்தானை முடித்தார். கோயம்புத்தூர் நானம்மாள் பாட்டி தொண்ணூறைத் தாண்டியும் யோகா சொல்லிக்கொடுத்து 2018-இல் பத்மஸ்ரீ வாங்கினார். இருவரையும் நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுகிற 71 வயது மனிதருக்கு அவர்கள் 'தன்னைப் போன்றவர்' இல்லை. "அவங்களுக்கு உடம்பு வாகு" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். எதிர்வீட்டில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு காய்கறிப் பையோடு நடந்து வருகிறாரே ஒருவர், அவர்தான் வேலைக்கு ஆவார்.

வாட்ச் விஷயம். அதில் பத்தாயிரம் அடி என்று இலக்கு வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கணக்கு எந்த மருத்துவ ஆய்விலிருந்தும் வந்ததில்லை. 1965-இல் ஜப்பானில் ஒரு கம்பெனி, அடி எண்ணும் கருவிக்கு 'மான்போ-கெய்' என்று பெயர் வைத்து விற்றது. பத்தாயிரம் அடி மீட்டர் என்று அர்த்தம். விளம்பரப் பெயர்தான் உலகத்துக்கே விதியாகிவிட்டது. 2019-இல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500-க்கு மேல் போனவர்களுக்குக் கூடுதல் லாபம் பெரிதாக இல்லை. வீட்டுக்குள் நடமாடுவதும் இந்தக் கணக்கில் சேர்த்தி. ராத்திரி பத்து மணிக்கு வாட்ச் "இன்னும் 7,800 பாக்கி" என்று காட்டினால் யாராக இருந்தாலும் கழற்றி டிராயருக்குள்தான் வைப்பார்கள். எட்டு மாதம் கழித்துத் தொடங்குபவருக்கு, இப்போது நடப்பதைவிட ஆயிரம் அடி கூட நடந்தாலே அந்த வாரத்துக்குப் போதும். நம் அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்திருக்கிறார்கள், நல்ல முயற்சி. ஆனால் அப்பா எட்டும் நடக்கவேண்டியதில்லை.

நீங்கள் சொன்ன 150 நிமிடம் சரிதான், உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலில் இருப்பதுதான். அதே பக்கத்தில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலு கூட்டும் பயிற்சி, மூன்று நாளாவது சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி. இதை ஏனோ யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. நம் ஊரில் வயதானவருக்கு உடற்பயிற்சி என்றால் வாக்கிங், வாக்கிங் என்றால் உடற்பயிற்சி. நான் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் தொடையைத்தான் தேர்ந்தெடுப்பேன். தொடையில் வலு இருந்தால் நடக்கத் தைரியம் தானாக வரும்.

"இந்த வயசில சதை வருமா?" என்று கேட்பார். பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்துபார்த்து 1990-இல் எழுதினார்கள். சராசரி வயது தொண்ணூறு. எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், காலில் எடை தூக்கும் பயிற்சி. முடித்த ஒன்பது பேருக்கும் சராசரியாக வலு 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை வைத்துவிட்டு நடந்தார்கள். அவர்களோடு பார்த்தால் உங்கள் அப்பா வாலிபர். அதுவும் மின்கம்பம் ஏறிய கால்.

வீட்டில் செய்ய ஒரே ஒரு பயிற்சி சொல்லித்தருகிறேன். கைப்பிடி உள்ள நாற்காலி, மரத்தில் இருந்தால் நல்லது. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். முதுகு சுவரில் முட்டுகிற மாதிரி நாற்காலியைப் போடுங்கள். வெறுங்கால் அல்லது பின்பட்டி உள்ள செருப்பு, ஹவாய் செருப்பு கூடாது. நாற்காலியின் முன்பாதிக்கு நகர்ந்து உட்காரவேண்டும். பாதங்களை முட்டிக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வைக்கவேண்டும். எல்லாரும் தப்புப் பண்ணுவது இங்கேதான், காலை நீட்டி வைத்துக்கொண்டு எழப் பார்ப்பார்கள். மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து, மூச்சை விட்டுக்கொண்டே எழவேண்டும். நின்று ஒரு மூச்சு. உட்காரும்போது பொத்தென்று விழாமல், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி இறங்கவேண்டும். வலு கூடுவது எழுவதைவிட அந்த இறக்கத்தில்தான். முதல் வாரம் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளலாம். ஐந்து முறை, கொஞ்சம் ஓய்வு, இன்னொரு ஐந்து. காபிக்கு முன்னால் ஒன்று, சீரியலுக்கு நடுவில் விளம்பரம் வரும்போது ஒன்று. கை உதவியில்லாமல் அரை நிமிடத்தில் எத்தனை முறை எழுகிறார் என்று இன்று எண்ணி காலண்டரில் எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி எண்ணட்டும். ஃபோர்மேனாக இருந்தவருக்கு ரீடிங் எடுப்பது புதிதில்லை. பண்டூரா சொன்ன முதலாவது இதுதான். எண்ணிக்கை கூடியதை அவரே தன் கையெழுத்தில் பார்ப்பார்.

சமநிலைக்கு, அடுப்படி மேடையை ஒரு கையால் தொட்டுக்கொண்டு ஒற்றைக்காலில் பத்து விநாடி. பால் பொங்கும்வரை நிற்கிறாரே, அப்போது செய்யட்டும். உங்கள் வீட்டில் அப்பா பால் காய்ச்சுவாரா என்று தெரியவில்லை. இல்லையென்றால் அதையும் ஆரம்பித்துவைக்கலாம்.

இனி அம்மா. அவரை இரண்டே வரியில் எழுதிவிட்டீர்கள், ஆனால் எனக்கு அவரைப் பற்றித்தான் கவலை அதிகம். 'தேய்மானம்' என்கிற வார்த்தையை எங்கள் தொழிலில் இருந்து யாராவது எடுத்துப்போட்டால் நான் மாலை போடுவேன். எக்ஸ்ரேயைப் பார்த்து "மூட்டு தேஞ்சுபோச்சு" என்று ஒருவர் சொல்லிவிடுகிறார். கேட்பவர் மனதில் செருப்பு தேய்வது வருகிறது, டயர் தேய்வது வருகிறது. மிச்சம் இருப்பதைப் பத்திரப்படுத்தவேண்டும் என்று உட்கார்ந்துவிடுகிறார். மூட்டு டயர் இல்லை அம்மா என்று நான் தினமும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருக்கிறேன். குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது. மூட்டு அசைந்து, அமுங்கி விரியும்போதுதான் சுற்றியிருக்கும் நீரிலிருந்து அதற்குச் சத்து போகிறது. தொடைத் தசை பலமானால் மூட்டின் மேல் வரும் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும், வலி குறையும். முதல் இரண்டு வாரம் லேசாக வலிக்கத்தான் செய்யும். பயிற்சி முடிந்த வலி மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் பயமில்லை. மறுநாளும் இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்கலாம், நிறுத்தவேண்டாம். முட்டி வீங்கிச் சூடாக இருந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் மற்றது.

"வீட்டு வேலையே எக்சர்சைஸ்" என்பதில் பொய்யில்லை, மெய்யும் முழுசாக இல்லை. அம்மிக்கல்லும் ஆட்டுக்கல்லும் தண்ணீர்க் குடமும் இருந்த காலத்தில் அது நூற்றுக்கு நூறு சரி. இப்போது நாள் முழுக்க மேடைக்கு முன்னால் நிற்பதுதான் பாதி வேலை. கால் வீங்குமே தவிர வலு ஏறாது. அதே சமயம், நாற்பது வருடமாக உட்கார நேரமில்லாமல் ஓடிய பெண்ணிடம் போய் "நீங்க அசையறதே இல்ல" என்று சொன்னால் எந்த அம்மாவும் திரும்பிப் பார்க்க மாட்டார். அவரிடம் உடற்பயிற்சி என்கிற வார்த்தையே வேண்டாம். "முட்டி வலி குறைய ஒரு வழி இருக்கு, செஞ்சு பாக்குறீங்களா?" என்று கேளுங்கள். நாற்காலிப் பயிற்சியையே சற்று உயரமான இருக்கையில், தலையணை போட்டு, ஆரம்பிக்கட்டும். வெளியே நடக்க வெட்கப்படுகிறாரா என்றும் விசாரியுங்கள். புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டால் தெரு பார்க்கும் என்று வருஷக்கணக்கில் மொட்டைமாடியிலேயே நடந்த அம்மாக்களை எனக்குத் தெரியும். மொட்டைமாடியும் நல்ல இடம்தான், வெயில் தாழ்ந்த பிறகு.

இந்த இடத்தில் என் வண்டவாளத்தையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்கு நான் பயிற்சி அட்டவணை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன், லேமினேஷன் செய்து. ஊருக்கெல்லாம் கால் பார்க்கிறவன், சொந்த அம்மாவுக்கு மூன்று வருடம் கத்தினேன். அந்த அட்டை மேல் கேஸ் புக்கிங் நம்பர் எழுதி வைத்திருந்தார். பிறகு பக்கத்துத் தெருப் பிள்ளையார் கோயிலில் சாயந்திரம் விளக்கேற்றும் பொறுப்பு அம்மா கைக்கு வந்தது. ஏற்றிக்கொண்டிருந்த பாட்டியால் முடியாமல் போனது, வேறு ஆளில்லை. போக வர ஆறேழு நிமிடம், ஒன்பது படி. மழை பெய்தாலும் போனார். "நான் போகலைன்னா சாமி இருட்டுல இருக்கும்டா" என்றார். எனக்குப் பாடப்புத்தகத்தில் இருந்தது எல்லாம் அன்றைக்குத்தான் புரிந்தது. தன் உடம்புக்காக நடப்பவர் நாலு நாளில் நின்றுவிடுவார், தன்னை யாரோ எதிர்பார்க்கிறார்கள் என்று நடப்பவர் நிற்க மாட்டார்.

அப்பாவுக்கும் அப்படி ஒன்றைத் தேடவேண்டும். போனில் இது நடக்காது. நாலு நாள் லீவு போட்டு மதுரைக்குப் போங்கள். முதல் இரண்டு நாள் நடையைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். மாமாவைப் பற்றிப் பேசுங்கள். எங்கே பழக்கம், என்ன பேசுவார், யார் காசு கொடுப்பது என்று கேளுங்கள். மாமா வீட்டுக்கு அத்தையைப் பார்த்துவர அப்பாவோடு நடந்தே போய்வர முடிந்தால் நல்லது. ஒருவேளை எட்டு மாதமாக அவர் அந்தத் தெருப் பக்கமே போகாமல் இருந்திருக்கலாம். மூன்றாம் நாள் "அப்பா, ஒரு பருத்திப்பால் குடிக்கணும் போல இருக்கு, வாங்க" என்று கூட்டிப்போங்கள். சர்க்கரைக்காரர், அதனால் அவருக்கு அரை டம்ளர், இனிப்பைக் குறைத்து. குளத்துப் பக்கம் வேண்டாம் என்றால் வேறு தெரு. அவர் நடப்பதை நீங்கள் பக்கத்தில் இருந்து பாருங்கள். எங்கே சுவரைத் தொடுகிறார், எங்கே நிற்கிறார், பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா, பேச நின்றால்தான் முடிகிறதா. எட்டு மாதப் போன் பேச்சில் தெரியாதது அந்தக் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். அவர் நண்பர்களில் மிச்சம் இருப்பது யார் என்று அங்கேயே தெரிந்துகொள்ளுங்கள். அவர்களில் ஒருவரிடம் "அங்கிள், நாளைக்கு அப்பாவைக் கூப்பிட வர்றீங்களா?" என்று கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. அவருக்கும் ஆள் தேவைப்படலாம்.

நடக்கிற நேரத்தை மாற்றுவதும் உதவும். காலை ஐந்தரை மாமாவின் நேரம். அதை மாமாவுக்கே விட்டுவிடலாம். சாப்பிட்ட பிறகு பதினைந்து நிமிடம் வீதம் மூன்று வேளை நடப்பது, காலையில் ஒரே மூச்சில் முக்கால் மணி நேரம் நடப்பதற்குச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதில் குறைந்ததில்லை என்று அறுபதைத் தாண்டியவர்களை வைத்து 2013-இல் ஒரு சிறிய ஆய்வு வந்திருக்கிறது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு முன்வாசலில் நடந்தால் முன்னால் சொன்ன அடிக்கணக்கும் கூடும், ராத்திரிச் சர்க்கரையும் அவ்வளவாக ஏறாது. இது கத்திரி நேரம், அதனால் மத்தியான வேளை வீட்டுக்குள்ளேயே. வெறும் வயிற்றில் நடக்கவேண்டாம். சர்க்கரை மாத்திரைகளில் சில வகை, இன்சுலின், இவற்றை எடுப்பவருக்கு நடக்கும்போது சர்க்கரை சட்டென்று இறங்கும். சட்டைப் பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். நெஞ்சை அழுத்துகிற மாதிரி, தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிற மாதிரி வலி வந்தாலும், வழக்கமில்லாத மூச்சிரைப்பு, கண் இருட்டு வந்தாலும் அங்கேயே நின்றுவிட்டு உதவி கேட்கவேண்டும், வீட்டுக்கு நடந்து வந்துசேரக் கூடாது. இத்தனை மாத இடைவெளிக்குப் பிறகு தொடங்குவதால் அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், ஈசிஜி எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள்.

பழக்கமாக எத்தனை நாள் ஆகும் என்று கேட்பீர்கள். 21 நாள் என்று எல்லாரும் சொல்வார்கள். லண்டனில் 2010-இல் வெளிவந்த ஆய்வில் நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆகவே நாலாம் நாள் "இன்னைக்குப் போனீங்களா?" என்று போன் போடாதீர்கள். "இன்னைக்கு வழியில யாரைப் பாத்தீங்க?" என்று கேளுங்கள். போகாவிட்டால் அவரே சொல்லிவிடுவார்.

அம்மாவுக்கு வெளியே போய் பிசியோ பார்க்க முடியாது என்றால், தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தேவைப்படுபவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நகர்ப்புற சுகாதார நிலையத்திலோ விசாரித்தால் தெரியும். செலவில்லை.

கடைசியாக டிரெட்மில். பாதத்தில் உணர்வு எப்படி இருக்கிறது என்று தெரியாத சர்க்கரைக்காரரை, ஓடுகிற பெல்ட்டின் மேல், ஆளில்லாத அறையில் ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன். விற்றுவிடுங்கள். பாதி விலைதான் வரும், வரட்டும். அந்தக் காசில் குளியலறையிலும் கழிவறையிலும் சுவரில் ஸ்டீல் கைப்பிடி ஒன்றொன்று, குளியலறைத் தரைக்கு வழுக்காத மேட், படுக்கையிலிருந்து கழிவறை வரைக்கும் ராத்திரி எரிகிற சின்ன லைட், அப்பாவுக்குப் பின்பட்டி வைத்த ஒரு ஜோடி செருப்பு. வயரிங்கை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் கொடுக்காமல் அப்பாவையே பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டூல் மேல் மட்டும் ஏறவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.